பென்டிரைவில் வரும் பாட்டுப் பெட்டி

தஞ்சாவூர்ப் பக்கம் 2011-க்குப் பிறகு பிளஸ் டூ படித்த பிள்ளைகள் உள்ள பல வீடுகளில், அரசு கொடுத்த இலவச லேப்டாப் ஒன்று இன்னும் பரணில் கிடக்கும். அந்த ஆண்டு செப்டம்பரில் தொடங்கிய திட்டம். எல்காட் வாங்கித் தந்த தொடக்ககால லேப்டாப்களை முடுக்கினால் ஒரு தேர்வு திரையில் வரும்: விண்டோஸா, பாஸ் லினக்ஸா? பாஸ், சென்னை சி-டாக் உருவாக்கியது. ஒரே ஹார்ட் டிஸ்க்கைப் பாகம் பிரித்து இரண்டு இயங்குதளங்களைக் குடிவைக்கும் இந்த முறைதான் டூயல் பூட்.

அந்த லேப்டாப்புக்கு இன்னொரு வாழ்வு உண்டு. டி.வி.யோடு இணைத்தால், திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளையின் தோடியையும் திருவையாறு ஆராதனைப் பதிவுகளையும் வீடே உட்கார்ந்து கேட்கலாம். அதற்கான மென்பொருள் ‘கோடி’. எக்ஸ்பாக்ஸ் விளையாட்டுக் கருவிக்காகப் பிறந்து, 2014-இல் இந்தப் பெயருக்கு மாறியது. கோடியை ஓட்டுவதற்கென்றே, மற்றதையெல்லாம் கழித்துவிட்டுச் செய்த சின்ன லினக்ஸ், 2016-இல் வந்த லிப்ரெஎலெக். 64 பிட் கணினி போதும்.

ஏற்கெனவே இரண்டு இருக்கிறதே, மூன்றாவதாக இதையும் ஹார்ட் டிஸ்க்கில் ஏற்றிவிடலாமே என்று தோன்றும். கூடவே கூடாது. லிப்ரெஎலெக்கின் நிறுவல் நிரல் பாகம் பார்க்காது. டிஸ்க் முழுவதையும் அழித்துவிட்டுத்தான் உட்காரும். கல்லூரிப் புராஜெக்ட், அக்கா கல்யாணப் போட்டோ எல்லாம் போய்விடும்.

பென்டிரைவில் எழுதி ஓட்டினால் அந்தப் பயமில்லை. பூட் மெனுவில் பென்டிரைவைத் தேர்ந்தெடுத்து, ‘ரன்’ என்று கொடுத்தால் கோடி வந்துவிடும்; பிடுங்கிவிட்டால் பழையபடி விண்டோஸ். தொடங்கக் கொஞ்சம் நேரமெடுக்கும் என்பது உண்மைதான். ஆனால் யு.எஸ்.பி. 2.0-வின் உச்ச வேகம் விநாடிக்கு 480 மெகாபிட். புளூரே தர வீடியோவுக்கே 40 மெகாபிட்டுக்கு மேல் வேண்டியதில்லை.

டெல்டா கிராமங்களுக்கு இன்னொரு வசதியும் இதில் இருக்கிறது. பழைய லேப்டாப்பில் பேட்டரி செத்திருக்கும். கரண்ட் போனால் லேப்டாப்பும் சட்டென்று அணையும். லிப்ரெஎலெக்கின் இயங்குதளம், படிக்க மட்டுமே முடிகிற சுருக்கப்பட்ட ஒரே கோப்பாக இருப்பதால் அதற்குச் சேதம் வருவது அரிது. அமைப்புகள், பட அட்டைகள் போன்றவை மட்டுமே தனிப் பாகத்தில் எழுதப்படுகின்றன. மலிவான பென்டிரைவ் அந்த எழுத்தைத் தாங்காமல் சீக்கிரம் தேய்ந்துபோகும், அதனால் நல்லதாகவே வாங்க வேண்டும்.

பாட்டுகள் ஹார்ட் டிஸ்க்கிலேயே இருக்கலாம். புதிய விண்டோஸ் என்றால் ‘ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்’ வசதியை முதலில் நிறுத்திவிட வேண்டும். இல்லாவிட்டால் விண்டோஸ் அரைத் தூக்கத்தில் இருக்கும், அந்த டிஸ்க்கைத் திறக்க லினக்ஸ் தடுமாறும்.