தூசியை எடுத்தோமா, கிளப்பினோமா?



'டக்ட்' என்றால் என்னவென்று இரண்டாம் ஆண்டு வரைக்கும் எனக்கும் தெரியாது. பிள்ளையார்பாளையத்தில் எங்கள் வீட்டுக்குள் காற்று வர இரண்டே வழிதான். ஒன்று வாசல், இன்னொன்று தறி இருக்கும் அறையின் சின்ன ஜன்னல். காற்று பலமாக அடிக்கிற நாளில் அந்த ஜன்னலையும் அப்பா சாத்தி விடுவார், பாவு இழை உலர்ந்து அறுந்து போகும் என்று. எங்கள் வீட்டில் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள் நான். இன்பிளான்ட் டிரெயினிங் போய் வந்து, "டக்ட் கிளீனிங் பண்ணினேன்" என்று சொன்னபோது அம்மா, "அது என்னப்பா, சாக்கடை அடைப்பா?" என்று கேட்டார். சிரித்தேன். பிறகு யோசித்தால் அம்மா கேட்டதில் பாதி சரி என்றே பட்டது!

முதலில் விஷயத்தைச் சொல்லி விடுகிறேன். நம் ஹாஸ்டல் வார்டன் ரூமில் இருப்பது ஸ்பிளிட் ஏ.சி. அதற்கு டக்ட் கிடையாது. அறைக்குள் இருக்கிற காற்றையே இழுத்து, குளிர வைத்து, அதே அறைக்குள் விடும். காந்தி ரோட்டுப் பெரிய பட்டுக் கடைகளிலும் கல்யாண மண்டபங்களிலும் இருப்பது வேறு மாதிரி. மெஷின் ஃபால்ஸ் சீலிங்குக்கு மேலே ஒளிந்திருக்கும். அதிலிருந்து தகரப் பெட்டி மாதிரி ஜி.ஐ. ஷீட் குழாய்கள் கிளை பிரிந்து போய் ஒவ்வொரு அறையிலும் ஒரு கிரில் வழியாகக் காற்றை விடும். இன்னொரு பெரிய கிரில் வழியாக அறைக் காற்று திரும்பிப் போகும். போகிற வழியில் ஃபில்டர், அப்புறம் கூலிங் காயில், அதற்கு அடியில் தண்ணீர் சொட்டும் தட்டு, பிறகு புளோயர். வசதி உள்ளவர்கள் சிலர் இப்போது வீட்டுக்கும் இதைப் போடுகிறார்கள். நான் டிரெயினிங் போன இடத்தில் எங்களை அனுப்பியது அப்படி ஒரு வீட்டுக்குத்தான்.

வீட்டு வாசலில் இறங்கியதும் எனக்கு வயிற்றைக் கலக்கியது. அது எங்கள் அப்பாவுக்குப் பாவு கொடுக்கும் முதலாளியின் வீடு.

அவருடைய அம்மாவுக்கு வீசிங். "டக்டுக்குள்ளே பத்து வருஷத் தூசி இருக்கு, அதுதான் காரணம், எடுத்தா சரியாயிடும்" என்று சொல்லி வேலையைப் பிடித்திருந்தார்கள். பதினெட்டாயிரம் ரூபாய். அப்பாவும் அம்மாவும் சேர்ந்து மூன்று நான்கு சேலை நெய்து இறக்கினால் வருகிற கூலி அது. நாங்கள் கொண்டு போன கருவி என்னவென்றால், ஒரு வாக்குவம் கிளீனர், டிரில் மெஷினில் மாட்டிச் சுற்றுகிற நீளமான நைலான் பிரஷ், போட்டோ எடுக்க ஒரு போன். பிரஷை உள்ளே விட்டுச் சுற்றினோம், கிரில் வாயில் வாக்குவம் குழாயை வைத்தோம். முன்னால் ஒரு போட்டோ, பின்னால் ஒரு போட்டோ. இரண்டுமே கை எட்டுகிற தூரம் வரைக்கும்தான். "தூசி முழுவதும் அகற்றப்பட்டது, காற்றின் தரம் மேம்பட்டது" என்று ரிப்போர்ட் எழுதியது நான்தான். என் கையெழுத்து நன்றாக இருக்கும் என்று என்னிடம் கொடுத்தார்கள்.

மறுநாள் ஒரு ஸ்க்ரூ விட்டுப்போனதை மாட்டப் போனேன். ஏ.சி. ஓடிக்கொண்டிருந்தது. பாட்டியின் கட்டில் விரிப்பு முழுக்கக் கறுப்புக் கறுப்பாகத் துகள். பாட்டிக்கு அன்று மூச்சு அதிகமாக இரைத்தது. அதற்கு இதுதான் காரணம் என்று நான் சொல்ல முடியாது, நான் டாக்டர் இல்லை. விரிப்பில் துகள் கிடந்ததை மட்டும் கண்ணால் பார்த்தேன்.

எங்கள் லெக்சரரிடம் போய்ச் சொன்னேன். அவர் ஆறுதல் எல்லாம் சொல்லவில்லை. "ஃப்ளூயிட் மெக்கானிக்ஸ் படிச்சியே, கணக்கைப் போட்டுப் பார்" என்றார். போட்டேன். நீங்களும் போடுங்கள், பேப்பர் பேனா போதும்.

ஒரு விநாடிக்குப் போகும் காற்றின் கன அளவு என்பது குழாயின் பரப்பை வேகத்தால் பெருக்கினால் வருவது. நாங்கள் கொண்டு போன மாதிரி வாக்குவம் கிளீனர் விநாடிக்குச் சுமார் 40 லிட்டர் காற்றை இழுக்கும் என்று வைத்துக்கொள்வோம், அதாவது 0.04 கன மீட்டர். அதன் குழாய் 3.5 செ.மீ. விட்டம். அந்தச் சின்ன வட்டத்துக்குள் காற்றின் வேகம் விநாடிக்கு 40 மீட்டருக்கு மேல். கையை வைத்தால் 'சப்'பென்று பிடித்துக்கொள்ளும், பார்க்கிறவர்கள் அசந்து போவார்கள். ஆனால் அதே காற்று 30 செ.மீ.க்கு 20 செ.மீ. உள்ள டக்டுக்குள் வரும்போது பரப்பு 0.06 சதுர மீட்டர். வகுத்தால் வேகம் 0.67 மீட்டர்தான்! நாம் மெதுவாக நடக்கிற வேகத்தை விடக் குறைவு.

இங்கேதான் எனக்குப் பொறி தட்டியது. அந்த டக்டில் ஏ.சி. தினமும் ஓடும்போதே காற்று விநாடிக்கு 4 மீட்டர் அளவில் போகிறது. அந்த வேகத்துக்கே வருஷக் கணக்கில் அசையாமல் ஒட்டியிருந்த தூசி, 0.67 மீட்டர் இழுப்புக்கா வரும்? வராது. அதே சமயம் இன்னொன்றும் தெரிகிறது. அசையாமல் ஒட்டியிருக்கிற தூசி யார் மூக்குக்கும் போவதில்லை. பிரஷ் விட்டுப் பெயர்த்தது நாங்கள். நுண்ணிய துகளில் கொஞ்சம் வாக்குவத்துக்குள் போயிருக்கும். பெரிய பஞ்சும் செதிலும் இரண்டடி தள்ளி மறுபடி உள்ளேயே விழுந்திருக்கும். மறுநாள் 4 மீட்டர் காற்று வந்து அதைக் கட்டிலில் கொட்டியது. ஆக நாங்கள் தூசியை எடுக்கவில்லை, கிளப்பி விட்டோம்.

அப்படியானால் எந்தக் கருவி எடுக்கும்? டக்ட் முழுவதையும் ஒரு பக்கம் மூடி, மறுபக்கம் பெரிய விசிறி வைத்து இழுக்கும் மெஷின் இருக்கிறது. நெகடிவ் ஏர் மெஷின் என்பார்கள். நிமிஷத்துக்கு 2000 கன அடி இழுத்தால் அதே டக்டில் விநாடிக்கு 15 மீட்டருக்கு மேல் வேகம் கிடைக்கும். மேலை நாடுகளில் இதைவிடப் பல மடங்கு பெரியதை வேனிலேயே பொருத்திக் கொண்டு வருகிறார்கள். இந்த இழுப்பு ஓடிக்கொண்டிருக்கும்போதே பிரஷோ, கம்ப்ரஸர் காற்றில் துள்ளும் ரப்பர் சாட்டையோ உள்ளே போய்த் தூசியைப் பெயர்க்க வேண்டும். பெயர்ப்பது ஒன்று, வாரிக்கொண்டு போவது இன்னொன்று. இரண்டும் சேர்ந்தால்தான் வேலை. இழுத்த காற்றை வீட்டுக்குள்ளேயே விடுவதாக இருந்தால் ஹெப்பா ஃபில்டர் வேண்டும். 0.3 மைக்ரான் துகளில் 99.97 சதவீதத்தைப் பிடிப்பதற்குத்தான் அந்தப் பெயர். சாதா துணிப்பை என்றால் கண்ணுக்குத் தெரியும் பஞ்சு பைக்குள் நிற்கும், நுரையீரல் வரை போகக்கூடிய நுண்தூள் பின்பக்கமாக அறைக்கு வரும்.

சரி, நல்ல மெஷினாகவே வந்தாலும் வியாதி குறையுமா? அமெரிக்காவில் டக்ட் உள்ள வீடுகள் ஏராளம். அங்கே இந்தச் சண்டை பழையது. அந்நாட்டுச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 1997-இல் பொதுமக்களுக்காக ஒரு கையேடு போட்டது. டக்டைச் சுத்தம் செய்வதால் உடல்நலக் கோளாறு தடுக்கப்படுகிறது என்று நிரூபிக்கப்படவில்லை என்று அதில் பச்சையாகவே சொல்லியிருக்கிறார்கள். சரியாகச் செய்யாவிட்டால் வீட்டுக் காற்று இருந்ததைவிடக் கெடும் என்றும் எச்சரித்திருக்கிறார்கள். பாட்டியின் கட்டில் விரிப்பை நேரில் பார்த்து எழுதினது போல இருந்தது எனக்கு! கனடாவின் வீட்டுவசதி நிறுவனமும் சோதித்துப் பார்த்து, சுவாசிக்கும் காற்றில் பொதுவாகப் பெரிய மாற்றம் இல்லை என்றே சொன்னது. அதற்காக வேலையே வேண்டாம் என்று அர்த்தமில்லை. உள்ளே கண்ணுக்குத் தெரியும் பூஞ்சணம் இருந்தாலோ, எலி, பூச்சி குடியிருந்தாலோ, தூசி அடைத்துக்கொண்டு கிரில் வழியாக அறைக்குள் உதிர்ந்தாலோ சுத்தம் செய்யத்தான் வேண்டும் என்கிறது அதே அமெரிக்கக் கையேடு.

காய்ந்த தூசியை விட ஈரம்தான் மோசம். 1976-இல் பிலடெல்பியாவில் ஒரு ஹோட்டலில் மாநாட்டுக்கு வந்தவர்கள் பலர் நிமோனியா மாதிரி ஒரு காய்ச்சலில் இறந்து போனார்கள். காரணமான பாக்டீரியாவை அடுத்த வருஷம் கண்டுபிடித்தார்கள், பிறகு அதற்கு லெஜியோனெல்லா என்று பெயர் வைத்தார்கள். அது தண்ணீரில் வளர்வது. சந்தேகம் விழுந்தது ஏ.சி.யின் கூலிங் டவர் மேல்தான். வீட்டு ஏ.சி.யில் கூலிங் டவர் கிடையாது, ஆனால் காயிலுக்கு அடியில் தண்ணீர்த் தட்டு இருக்கிறது. அது வடியாமல் நின்றால் பாசியும் பூஞ்சணமும் பிடிக்கும். அங்கே பிரஷும் போகவில்லை, எங்கள் போட்டோவும் போகவில்லை.

சுத்தமாச்சா இல்லையா என்று எப்படித்தான் தெரிந்துகொள்வது? இதற்கு விடை எங்கள் வீட்டிலேயே இருந்தது. அப்பாவுக்குப் பாவும் ஊடையும் ஜரிகையும் எடை போட்டுத்தான் தருவார்கள். நெய்த சேலையையும் எடை போட்டுத்தான் வாங்குவார்கள். "பளபளன்னு இருக்கே" என்று யாரும் ஜரிகையை ஒப்புக்கொள்ள மாட்டார்கள். அதில் வெள்ளி எவ்வளவு, தங்கம் எவ்வளவு என்று சோதிக்கவென்றே கருவி இருக்கிறது. டக்டுக்கும் அதே மாதிரி ஒரு கணக்கு உண்டு. அமெரிக்காவில் டக்ட் சுத்தம் செய்கிற தொழில்காரர்கள் 1989-இல் ஆரம்பித்த சங்கமே வைத்த சோதனை அது. சுத்தம் செய்த தகரத்தின் மேல் 100 சதுர செ.மீ. இடத்தை மட்டும் சின்னப் பம்பினால் உறிஞ்சி, அந்த ஃபில்டரை முன்னும் பின்னும் எடை போடுவார்கள். கூடுதல் எடை 0.75 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது. அது எவ்வளவு என்று மனதில் வராது இல்லையா? நம்ம ஊர் அளவில் சொல்கிறேன். 9000 மீட்டர் இழையின் எடை எத்தனை கிராமோ அதுதான் டெனியர். 20/22 டெனியர் கச்சாப் பட்டு ஒற்றை இழையில் ஓர் அடி வெட்டினால் ஏறக்குறைய 0.7 மில்லிகிராம். உள்ளங்கை அளவு தகரத்தில் ஓரடிப் பட்டு இழை எடைக்குத் தூசி! போட்டோவில் இது தெரியுமா?

அவ்வளவு நுட்பமான தராசு நமக்கு எங்கே? ஆனால் காற்றழுத்தத்தை அளக்கலாம். ஃபில்டர் அடைக்க அடைக்க அதன் இரு பக்கத்துக்கும் அழுத்த வித்தியாசம் கூடும். சில மில்லிமீட்டர் தண்ணீர் அளவுதான் என்பதால் நேர் குழாயில் படிக்கக் கஷ்டம். பலகையில் பத்துக்கு ஒன்று சரிவாக ஒரு கண்ணாடிக் குழாயைச் சாய்த்து வைத்தால் 2 மி.மீ. என்பது 20 மி.மீ. ஆகத் தெரியும். நீல மை கலந்த தண்ணீர், கொத்தனார் மட்டம் பார்க்கும் ட்யூப் கொஞ்சம், ஒரு ஸ்கேல். ஒரு முனையை அறைக் காற்றில் திறந்து விட்டு, மறுமுனையை ஃபில்டருக்குப் பின்னால் செருக வேண்டும். அவ்வளவுதான் கருவி.

இதை எடுத்துக்கொண்டு முதலாளி வீட்டுக்குப் போவதா வேண்டாமா என்று நாலு நாள் தூக்கமில்லை. போனால் நான் எழுதின ரிப்போர்ட் பொய் என்று நானே சொல்ல வேண்டும். அவருக்குக் கோபம் வந்தால் அடுத்த பாவு எங்கள் வீட்டுக்கு வராது. அப்பாவிடமே சொல்லி விட்டேன். அவர் தறியை விட்டு எழுந்திருக்காமல், "எடை குறைஞ்ச சேலையைக் கொடுத்துட்டு வந்திருக்கே. போய்ச் சொல்லிட்டு வா" என்றார்.

சொன்னேன். முதலாளி ரொம்ப நேரம் பேசவில்லை. "அப்ப அந்தப் பணம், தம்பி?" என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை. பிறகு ஏணியை அவரே பிடித்துக்கொண்டார். ஃபில்டரில் 7 மி.மீ. காட்டியது. கழற்றினால் ஒரு பக்கம் தூசி கம்பளி மாதிரி, இன்னொரு பக்கம் சட்டத்துக்கும் பெட்டிக்கும் நடுவில் இரண்டு விரல் சந்து. இத்தனை நாளாக வடிகட்டாத காற்று அதன் வழியாகத்தான் போயிருக்கிறது. தண்ணீர்த் தட்டின் வடிகுழாய் வழவழவென்று அடைத்திருந்தது. கழுவினோம், சந்துக்கு ஃபோம் பட்டை ஒட்டினோம், வடிகுழாயை ஊதித் திறந்தோம். மறுபடி வைத்தபோது 2 மி.மீ. செலவு நூற்றைம்பது ரூபாய்க்குள் அடங்கியது. டக்டுக்குள் நாங்கள் பெயர்த்துப் போட்டது மட்டும் மிச்சம் இருந்தது. அதற்குப் பெரிய விசிறி மெஷின் உள்ள ஆட்களை அவர் சென்னையிலிருந்து வரவழைத்தார். நானும் கூட நின்று பார்த்தேன்.

பாட்டிக்கு வீசிங் போய்விட்டதா என்று கேட்பீர்கள். போகவில்லை, மாத்திரை போட்டுக்கொண்டுதான் இருக்கிறார். கட்டில் விரிப்பில் துகள் விழுவது நின்றது, நான் சொல்லக்கூடியது அதுதான். பலகை இப்போது அந்தக் கிரில் பக்கத்திலேயே சுவரில் தொங்குகிறது. 5 மி.மீ. அளவில் சிவப்புப் பென்சிலில் கோடு போட்டிருக்கிறேன். பாட்டிக்கு எழுதப் படிக்கத் தெரியாது, ஆனால் நீலத் தண்ணீர் கோட்டை நெருங்கினால் சேலை கொடுக்க வரும் அப்பாவிடம் சொல்லி அனுப்பி விடுகிறார். போன வெள்ளிக்கிழமை நாலரையில் இருந்தது.