சமூக ஊடகப் பொதுத்தரவும் ஆய்வாளரின் அணுகுரிமையும்: ஐரோப்பிய எண்மச் சேவைகள் சட்டத்தின் 40ஆம் பிரிவை முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்

சமூக ஊடகத் தளங்களில் யாவரும் காணும்படி இடப்படும் பதிவுகள் இன்று மொழியியல், அரசியல், ஊடகவியல் ஆய்வுகளுக்கு முதன்மைத் தரவுகளாக விளங்குகின்றன. ஆனால் அவற்றைத் திரட்டும் வழிகள் 2018ஆம் ஆண்டுக்குப் பின்னர்ப் படிப்படியாகக் குறுகியுள்ளன. நிறுவனங்களின் விருப்பத்தால் கிடைத்த அணுகல் எவ்வாறு மறைந்தது, அதனைச் சட்டவழி உரிமையாக்க ஐரோப்பிய ஒன்றியம் மேற்கொண்ட முயற்சி எத்தகையது, பொதுத்தரவைக் கையாளுவதில் எழும் அறநெறிச் சிக்கல்கள் யாவை, தமிழ்த் தரவு சார்ந்த ஆய்வுகளுக்கு இவற்றால் விளைவது என்ன என்பவற்றை இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: சமூக ஊடகம், பொதுத்தரவு, அணுகுரிமை, எண்மச் சேவைகள் சட்டம், தனியுரிமை, ஆய்வறம்.

முன்னுரை

ஓர் ஆய்வின் முடிவைப் பிறிதோர் ஆய்வாளர் அதே தரவைக் கொண்டு சரிபார்க்க இயலவேண்டும் என்பது ஆய்வுலகின் அடிப்படை நெறி. கல்வெட்டு, ஓலைச்சுவடி, அச்சிதழ் ஆகியவற்றை ஆய்வோர்க்கு நூலகங்களும் ஆவணக் காப்பகங்களும் இவ்வாய்ப்பை வழங்குகின்றன. சமூக ஊடகப் பதிவுகளுக்கு அத்தகைய பொதுக் காப்பகம் இல்லை. தரவை உருவாக்குவோர் பொதுமக்கள். அதனைச் சேமித்து வைத்திருப்பதும் திறப்பதும் மூடுவதும் தனியார் நிறுவனங்கள். அந்நிறுவனங்களின் செயற்பாடே ஆய்வுப் பொருளாகும்போது, ஆயப்படுவோரின் இசைவின்றி ஆய்வே நிகழாது என்னும் நிலை உருவாகிறது. அணுகுரிமை பற்றிய விவாதத்தின் மையம் இதுவே.

விருப்பத்தால் கிடைத்த அணுகல்

தொடக்கத்தில் தளங்கள் ஏபிஐ எனப்படும் நிரல் இடைமுகத்தின் வழியே தரவுகளைத் தாராளமாக வழங்கின. பொதுக் காப்பகம் ஒன்றை உருவாக்கும் முயற்சியும் நிகழ்ந்தது. 2010ஆம் ஆண்டு ஏப்ரலில் அமெரிக்கக் காங்கிரசு நூலகம் ட்விட்டரின் பொதுப்பதிவுகள் அனைத்தையும் சேமிக்க ஒப்பந்தம் செய்துகொண்டது. எனினும், பெருகிவந்த தரவைத் தேடத்தக்க வடிவில் அமைத்து ஆய்வாளர்க்குத் திறந்துவிட நூலகத்தால் இயலவில்லை. 2018 முதல் தேர்ந்தெடுத்த பதிவுகளை மட்டுமே சேமிப்பதாக அது அறிவித்தது.

2021ஆம் ஆண்டு சனவரியில் ட்விட்டர் கல்வியாளர்களுக்கெனத் தனி அணுகல் திட்டத்தைக் கொண்டுவந்தது. அதன்படி ஓர் ஆய்வாளர் மாதந்தோறும் 1 கோடிப் பதிவுகள் வரை, தளத்தின் தொடக்க காலம் முதலான முழுத் தொகுப்பிலிருந்து, கட்டணமின்றிப் பெற இயன்றது. ஃபேஸ்புக் நிறுவனம் 2016இல் வாங்கிய கிரவுட்டேங்கிள் என்னும் கருவி, எப்பொதுப்பதிவு எந்த அளவுக்குப் பரவுகிறது என்பதை ஆய்வாளர்க்கும் செய்தியாளர்க்கும் காட்டியது. இவை பயன் மிக்கவையே ஆயினும், நிறுவனம் விரும்பும்வரை மட்டுமே நீடித்தவை.

வாயில்கள் அடைபட்ட காலம்

2018ஆம் ஆண்டு மார்ச்சில் வெளிப்பட்ட கேம்பிரிட்ச் அனலிட்டிகா விவகாரம் இதில் திருப்புமுனையாகும். பல்கலைக்கழகம் சார்ந்த ஆய்வாளர் ஒருவர் உருவாக்கிய வினாடிவினாச் செயலியின் வழியே, ஏறத்தாழ 8.7 கோடிப் பயனர்களின் தரவு அவர்களது இசைவின்றி அரசியல் பரப்புரை நிறுவனத்தைச் சென்றடைந்திருக்கலாம் என ஃபேஸ்புக் ஒப்புக்கொண்டது. அங்குக் கசிந்தது பெரும்பாலும் நண்பர் வட்டத்துக்குரிய தனித்தரவு. ஆனால் அதன் பின்னர் நிறுவனங்கள் மேற்கொண்ட கட்டுப்பாடுகள் பொதுத்தரவு ஆய்வையும் சேர்த்தே முடக்கின. தனியுரிமைப் பாதுகாப்பு என்னும் நியாயமான காரணம், புறத்தார் ஆய்வைத் தவிர்ப்பதற்கும் துணைநின்றது. 2021ஆம் ஆண்டு ஆகத்தில், அரசியல் விளம்பரங்களை ஆய்ந்த நியூயார்க் பல்கலைக்கழகக் குழுவினரின் கணக்குகளை ஃபேஸ்புக் முடக்கியபோது முன்வைத்த காரணமும் தனியுரிமையே.

2022ஆம் ஆண்டு அக்டோபரில் ட்விட்டர் கைமாறியது; மறு ஆண்டே கட்டணமில்லா அணுகல் முடிவுக்கு வந்தது. மாதம் 100 டாலர் செலுத்துவோர் பெறக்கூடிய பதிவுகள் 10,000 என வரையறுக்கப்பட்டன. இது முன்னர்க் கல்வியாளர் இலவசமாகப் பெற்ற அளவில் ஆயிரத்தில் ஒரு பங்காகும். அதே 2023இல் ரெடிட் தளமும் தன் இடைமுகத்துக்குக் கட்டணம் விதித்தது. அத்தளத்தின் பதிவுகளைத் தொகுத்து ஆய்வாளர்க்கு அளித்துவந்த புஷ்சிஃப்ட் தொகுப்பின் அணுகலும் துண்டிக்கப்பட்டது. 2024ஆம் ஆண்டு ஆகத்து 14ஆம் நாள் கிரவுட்டேங்கிள் மூடப்பட்டது.

இம்மாற்றங்கள் புதிய ஆய்வுகளை மட்டுமன்றி, முடிந்த ஆய்வுகளையும் பாதித்தன. ட்விட்டர் விதிகளின்படி ஆய்வாளர்கள் பதிவுகளின் முழுப்பாடத்தைப் பொதுவெளியில் பகிராமல், அவற்றின் அடையாள எண்களையே பகிர்ந்துவந்தனர். பதிவை நீக்கியவரின் விருப்பத்தை மதிப்பதற்கு இம்முறை ஏற்றது. ஆனால் எண்ணைக் கொண்டு பாடத்தை மீட்கும் வழி அடைபட்டதும், அவ்வெண் பட்டியல்கள் பெரிதும் பயனற்றவையாயின. அவற்றின் அடிப்படையில் வெளியான முடிவுகளைச் சரிபார்ப்பதும் அரிதாயிற்று.

வழங்கப்பட்ட தரவின் நம்பகத்தன்மை

நிறுவனமே தொகுத்துத் தரும் தரவு போதாதா என்னும் வினா எழலாம். 2018இல் தொடங்கப்பட்ட சோசியல் சயன்சு ஒன் திட்டம் இதற்கு விடை பகர்கிறது. இத்திட்டத்தின் வழியே, ஃபேஸ்புக்கில் பகிரப்பட்ட இணைய இணைப்புகள் பற்றிய பெருந்தொகுப்பு, தனியாள் அடையாளம் வெளிப்படாதவாறு கணிதமுறையில் மறைக்கப்பட்டு, 2020இல் ஆய்வாளர்க்குக் கிடைத்தது. அமெரிக்கப் பயனர்களுள் அரசியல் சார்பு கண்டறியப்படாத ஏறத்தாழப் பாதிப்பேரின் தரவு அதில் விடுபட்டிருந்தமை 2021இல் தெரியவந்தது. அதற்குள் அத்தொகுப்பை நம்பிப் பல ஆய்வுகள் நடந்திருந்தன. நிறுவனம் தரும் தரவைப் புறத்தே திரட்டிய தரவோடு ஒப்பிடும் வழி இல்லாவிடில், இத்தகைய பிழைகள் வெளிப்படாமலே போகக்கூடும்.

40ஆம் பிரிவு: உரிமையாக மாறிய அணுகல்

ஐரோப்பிய ஒன்றியத்தின் எண்மச் சேவைகள் சட்டம் 2022ஆம் ஆண்டு நவம்பரில் நடைமுறைக்கு வந்தது. ஒன்றியத்தில் மாதம் 4.5 கோடிக்குக் குறையாத சராசரிப் பயனர்களைக் கொண்டு, மிகப்பெருந் தளங்களாக அறிவிக்கப்பட்டவற்றுக்கு அச்சட்டத்தின் 40ஆம் பிரிவு இருவகைக் கடமைகளை விதிக்கிறது.

முதல்வகை, தகுதி சரிபார்க்கப்பட்ட ஆய்வாளர்க்குரியது. ஆய்வு நிறுவனம் சார்ந்த ஒருவர் உறுப்பு நாட்டின் எண்மச் சேவை ஒருங்கிணைப்பாளரிடம் விண்ணப்பித்து, பொதுவெளியில் காணவியலாத தரவையும் கோரலாம். பாதுகாப்பு, வணிக மறைபொருள் ஆகிய காரணங்களைக் காட்டித் தளம் மாற்றுவழி கேட்கலாம். எனினும் முடிவெடுப்பவர் ஒருங்கிணைப்பாளரே. இதற்கான விரிவான விதிகள் 2025ஆம் ஆண்டு அக்டோபர் இறுதியில் நடைமுறைக்கு வந்தன.

இரண்டாம்வகை, 12ஆம் உட்பிரிவில் கூறப்படுவது, பொதுத்தரவு பற்றியது. தளத்தில் யாவரும் காணத்தக்க தரவைக் காலந்தாழ்த்தாது, தொழில்நுட்பம் இடந்தரின் உடனுக்குடனும் வழங்கவேண்டும். இதனைப் பல்கலைக்கழகத்தார் மட்டுமன்றி இலாபநோக்கற்ற அமைப்புகளைச் சார்ந்தோரும் கோரலாம். வணிக நலனின்றி இருத்தல், நிதி மூலத்தை வெளியிடுதல், தரவைப் பாதுகாக்கும் திறன், ஆய்வுக்குத் தேவையான அளவே கோருதல் ஆகியவை நிபந்தனைகள்.

இக்கடமை ஏட்டளவில் நின்றுவிடவில்லை. 2025ஆம் ஆண்டு திசம்பரில் ஐரோப்பிய ஆணையம் எக்ஸ் தளத்துக்கு 12 கோடி யூரோ தண்டம் விதித்தது. அதற்குக் கூறப்பட்ட மூன்று காரணங்களுள் ஆய்வாளர்க்குப் பொதுத்தரவை முறையாக வழங்காமையும் ஒன்று.

எனினும் ஒரு வரம்பு கருதத்தக்கது. ஐரோப்பிய ஒன்றியத்தில் எழும் அமைப்புசார் இடர்களைக் கண்டறிவதற்கு மட்டுமே இவ்வுரிமை பயன்படும். சட்டவிரோத உள்ளடக்கம், அடிப்படை உரிமை மீறல், தேர்தல் நடைமுறைக்கு ஊறு முதலியவை அவ்விடர்கள். இடரோடு தொடர்பற்ற மொழியியல், இலக்கிய ஆய்வுகள் இதனுள் அடங்குதல் அரிது.

பொது என்பதன் பொருள்

ஒரு பதிவை யாவரும் காணலாம் என்பதனாலேயே அதனை யாவரும் ஆயலாம் எனக் கொள்ளவியலாது. 2008இல் வெளியிடப்பட்ட ஓர் ஆய்வுத்தொகுப்பு இதற்குச் சான்று. அமெரிக்கக் கல்லூரி ஒன்றின் ஓராண்டு மாணவர்களின் ஃபேஸ்புக் தரவு, பெயர்களும் கல்லூரிப் பெயரும் நீக்கப்பட்டு வெளியானது. உடனிருந்த விளக்கக் குறிப்பிலிருந்த பாடப்பிரிவுகளைக் கொண்டே அது ஆர்வர்டு கல்லூரி என விரைவில் கண்டறியப்பட்டது. தரவைத் திரட்டிய உதவியாளர்கள் அக்கல்லூரி மாணவர்களாதலால், அவர்களுக்குப் புலப்பட்டவை பிறர்க்கும் புலப்பட்டிருக்கும் என்று சொல்வதற்கில்லை. எவர்க்குப் பொது என்னும் வினா இங்கு முதன்மை பெறுகிறது.

மேற்கோள் காட்டுவதிலும் இச்சிக்கல் உண்டு. பெயரை நீக்கினும், பதிவின் சொற்களை அவ்வாறே தேடுபொறியில் இட்டால் எழுதியவரின் பக்கம் வெளிப்படலாம். பொருளை மட்டும் ஆய்வோர் சொற்களை மாற்றித் தரலாம். வட்டார வழக்கையோ மொழிக்கலப்பையோ ஆயும் மொழியியலாளர்க்கு அச்சொற்களே தரவாதலால் அவ்வழி பொருந்தாது. பொதுவாழ்வினரின் பதிவுகளை அவ்வாறே எடுத்தாளுதல், தனியரின் பதிவுகளை இசைவு பெற்றோ சிறு துணுக்குகளாகவோ காட்டுதல் என வேறுபடுத்துவதே ஏற்புடையது.

இந்தியச் சட்டமும் தமிழ்த் தரவும்

இந்தியாவின் எண்மத் தனியாள் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023, ஒருவர் தாமே பொதுவெளியில் இட்ட தனியாள் தரவைத் தன் வரம்பிலிருந்து விலக்குகிறது. ஒருவரைப் பற்றிப் பிறர் இட்டதற்கு இவ்விலக்கு அவ்வாறே பொருந்தாது. ஆய்வுப் பயன்பாட்டுக்கும், குறிப்பிட்ட நபரைப் பற்றிய முடிவெடுக்கப் பயன்படுத்தாமை, வகுக்கப்பட்ட தரநெறிகளைப் பின்பற்றுதல் என்னும் நிபந்தனைகளோடு, அச்சட்டம் விலக்களிக்கிறது. ஆனால் ஆய்வாளர்க்குத் தரவை வழங்குமாறு அது தளங்களைப் பணிக்கவில்லை. ஆய்வாளரின் கையிலுள்ள தரவுக்குப் பாதுகாப்பு உண்டு. தரவைக் கைப்பெறும் வழி இல்லை.

இதன் விளைவு தமிழாய்வில் நேரடியாகப் புலப்படுகிறது. 2020இல் பாரதி ராஜா சக்ரவர்த்தி உள்ளிட்டோர் உருவாக்கிய தமிழ்-ஆங்கிலக் கலப்புத் தரவுத்தொகுப்பு 15,744 யூடியூப் பின்னூட்டங்களைக் கொண்டது. பேச்சுத்தமிழின் எழுத்து வடிவையும், ஆங்கில எழுத்தில் தமிழ் எழுதப்படும் முறையையும் ஆயத் துணைசெய்வது. யூடியூப் தன் இடைமுகத்தைத் திறந்து வைத்திருப்பதே இத்தகைய தொகுப்புகளுக்கு வழிவகுக்கிறது. எத்தளம் திறந்துள்ளதோ அத்தளத்தின் தமிழே இணையத் தமிழாக ஆய்வேடுகளில் பதிவாகும் அபாயமும் இதனால் எழுகிறது.

முடிவுரை

பொதுத்தரவு அணுகல் நிறுவனங்களின் நன்கொடையாக இருந்த காலத்தில் எளிதாகக் கிடைத்து எளிதாகவே மறைந்தது. 40ஆம் பிரிவு அதனைக் கடமையாக மாற்றியமை குறிப்பிடத்தக்க முன்னேற்றம். ஆயினும் அது ஐரோப்பிய இடர்களோடு எல்லை கொள்கிறது. இந்தியச் சூழலில் மூன்று நடவடிக்கைகள் தேவைப்படுகின்றன. பெருந்தளங்களுக்கு அணுகல் கடமையை விதிக்கும் சட்டவிதி ஒன்று. சமூக ஊடகத் தரவுக்கெனப் பல்கலைக்கழக ஆய்வறக் குழுக்கள் வகுக்கும் நெறிமுறை மற்றொன்று. திரட்டிய தரவு எத்தளத்திலிருந்து, எக்காலத்தில், எவ்வழியில் பெறப்பட்டது என்பதை ஆய்வேடுகள் தவறாது பதிவுசெய்தல் மூன்றாவது. முதலிரண்டும் காலம் எடுப்பவை. மூன்றாவதனை ஆய்வாளரும் நெறியாளரும் இன்றே மேற்கொள்ளலாம். வாயில் மூடிய பின்னும் ஆய்வின் நம்பகத்தன்மையை மதிப்பிட உதவுவது அதுவேயாகும்.