கிண்ணத்தை விட்டு ஓடும் திரவம்!

டம்ளரில் ஊற்றி வைத்த தண்ணீர், தானாகவே உள்பக்கமாக ஏறி வெளியே வழிந்து ஓடுமா? ஓடாது. ஆனால், அப்படி ஓடும் திரவம் ஒன்று இருக்கிறது. பறக்கும் பலூனில் அடைக்கிறார்களே ஹீலியம், அதுதான்!

ஹீலியம் வாயுவை மைனஸ் 269 டிகிரி செல்சியஸ் வரை குளிர வைத்தால் திரவமாகும். இன்னும் இரண்டு டிகிரி குறைத்தால் அதன் குணமே மாறிவிடும். தேன் மெதுவாக வடிகிறது, தண்ணீர் வேகமாக ஓடுகிறது அல்லவா? திரவத்துக்குள் இருக்கும் உராய்வே காரணம். அதற்குப் பாகுநிலை என்று பெயர். இந்தக் குளிரில் ஹீலியம் பாகுநிலையே இல்லாமல் ஓடும். கண்ணுக்குத் தெரியாத மெல்லிய படலமாகக் கிண்ணத்தின் விளிம்பைத் தாண்டி, அடியில் சொட்டுச் சொட்டாக விழும்! இந்த உராய்வில்லாத ஓட்டத்தை 1938ல் மாஸ்கோவில் பியோத்தர் கபிட்சாவும், கேம்பிரிட்ஜில் ஜாக் ஆலன், டான் மைஸ்னர் இருவரும் அறிவித்தனர். இப்படிப்பட்ட திரவத்துக்கு 'மீப்பாய்மம்' என்று பெயர்.

இந்தக் குறும்புக்காரத் திரவத்துக்கு இப்போது ஒரு பெரிய வேலை வந்திருக்கிறது. கரும்பொருளைத் தேடும் வேலை!

அது என்ன கரும்பொருள்? நட்சத்திர மண்டலங்களின் ஓரத்தில் உள்ள நட்சத்திரங்கள் மிக வேகமாகச் சுற்றுகின்றன. அவற்றைப் பிடித்து வைக்க, நாம் பார்க்கும் பொருளின் ஈர்ப்பு போதாது. 1970களில் வேரா ரூபின் என்ற அமெரிக்கப் பெண் விஞ்ஞானி இதை அளந்து காட்டினார். அப்படியானால், ஒளியை வெளியிடாத வேறு ஏதோ அங்கே இருக்க வேண்டும். சாதாரணப் பொருளைப் போல ஐந்து மடங்கு இருக்கும் என்பது கணக்கு. பெயரைப் பார்த்து கறுப்பு நிறம் என்று நினைத்துவிடாதீர்கள். அதற்கு நிறமே கிடையாது!

அதன் துகள் ஒன்று எப்போதாவது ஓர் அணுவின் மீது மோதலாம். அந்த மோதலைப் பிடிக்க, அமெரிக்காவில் மூடிக் கிடந்த ஒரு தங்கச் சுரங்கத்தில், ஒன்றரை கி.மீ. ஆழத்தில், 10 டன் திரவ செனானை வைத்துக் காத்திருக்கிறார்கள். ஆனால், செனான் அணு கனமானது. கோலிக்குண்டு இரும்புக் குண்டில் மோதினால், இரும்புக் குண்டு அசையுமா? இன்னொரு கோலியில் மோதினால்தானே அது உருண்டு ஓடும்! எடை குறைந்த கரும்பொருள் துகளுக்கு எடை குறைந்த அணுதான் சரி. ஹீலியம் அணுவின் எடை, செனானின் எடையில் ஏறக்குறைய 33ல் ஒரு பங்குதான்.

மோதியதும் ஹீலியத்தில் மிகச் சிறிய அதிர்வலைகள் எழும். மீப்பாய்மத்தில் அவை எளிதில் அழியாமல் மேல்மட்டம் வரை போய், அங்குள்ள ஹீலியம் அணுவை மேலே எகிற வைக்கும். எகிறிய அணு, மேலே தொங்கும் உணர்கருவியில் ஒட்டும்போது கொஞ்சம் வெப்பம் உண்டாகும். அதுதான் தடயம்!

"சார், அந்தத் திரவம்தான் சுவர் ஏறுமே, கருவியை நனைத்துவிடாதா?" என்று கேட்கிறீர்களா? சபாஷ்! விஞ்ஞானிகளுக்கும் அதுதான் தலைவலி. கருவி நனைந்தால் அளவு குறைந்துவிடும். அதனால், 'ஹெரால்டு' என்ற அமெரிக்கக் குழுவினர் திரவம் ஏறும் வழியில் சீசியம் என்ற உலோகத்தைப் பூசினார்கள். தாமரை இலையில் தண்ணீர் ஒட்டாதது போல, சீசியத்தில் ஹீலியம் பரவாது. ஏற்றம் நின்றது!

சுமார் 10 கிராம் ஹீலியம் கொண்ட சிறிய மாதிரிக் கருவியில், அணுக்கள் எகிறி வந்து ஒட்டுவதை அளந்தும் விட்டார்கள். அடுத்து, அதைவிடப் பெரிய கருவிகள் வர வேண்டும். கரும்பொருள் துகள் இதுவரை எந்தக் கருவியிலும் சிக்கவில்லை.