குழாய் நீரில் புளோரைடு: கவனம் வேண்டியது பற்பசையில்தான்

குழாய் நீரில் நஞ்சு கலக்கிறார்கள் என்ற செய்தி வாட்ஸ்அப்பில் அவ்வப்போது சுற்றி வருகிறது. அந்த ‘நஞ்சு’ புளோரைடு. இதைப் படித்துவிட்டு, பிள்ளைகளுக்குக் குழாய் நீரைக் கொடுக்கலாமா என்று தயங்கும் பெற்றோரும் உண்டு. புளோரைடு நன்மை தருமா, தீமை தருமா என்பது அதன் அளவைப் பொறுத்தது.

பாறையிலும் மண்ணிலும் இயற்கையாக இருப்பது புளோரைடு. இனிப்பு சாப்பிட்டபின் வாயில் உண்டாகும் அமிலம் பல்லின் மேல்பூச்சை அரிக்கிறது. புளோரைடு அந்தப் பூச்சை உறுதியாக்கி, பல் சொத்தையைக் குறைக்கிறது. இதற்காகவே குடிநீரில் புளோரைடு சேர்க்கும் திட்டத்திற்கு மலேசிய அரசாங்கம் 1972-இல் ஒப்புதல் அளித்தது. தொடக்கத்தில் ஒரு லிட்டருக்கு 0.7 மில்லிகிராமாக இருந்த அளவு, 2005-இல் 0.5 மில்லிகிராமாகக் குறைக்கப்பட்டது. உலகச் சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கும் உச்ச வரம்பு 1.5 மில்லிகிராம்.

அந்த வரம்பைத் தாண்டினால் என்ன ஆகும் என்பதற்குத் தமிழ்நாட்டின் தர்மபுரி வட்டாரமே சாட்சி. அங்கு நிலத்தடி நீரிலேயே புளோரைடு அதிகம். அதைக் குடித்து வளர்ந்த பலருக்குப் பற்களில் பழுப்புக் கறை படிந்தது. அளவு மிக அதிகமான நீரைப் பல ஆண்டுகள் குடித்தால் எலும்பும் மூட்டும் இறுகி, வலி உண்டாகும். இதற்குத் தீர்வாகத்தான் ஒகேனக்கல்லில் இருந்து காவிரி நீரைக் கொண்டுவரும் திட்டம் அங்கு நிறைவேற்றப்பட்டது.

பிள்ளைகளின் அறிவுத்திறனைப் பற்றியும் கேள்வி எழுகிறது. அமெரிக்காவின் தேசிய நச்சியல் திட்டம் 2024-இல் வெளியிட்ட ஆய்வறிக்கை, 1.5 மில்லிகிராமுக்கு மேற்பட்ட அளவையே அறிவுத்திறன் குறைவுடன் தொடர்புபடுத்தியது. 0.7 மில்லிகிராம் அளவில் பாதிப்பு உண்டா என்று முடிவு செய்யப் போதிய தரவு இல்லை என்றும் அது கூறியது.

வீட்டில் கவனிக்க வேண்டியது பற்பசை. பெரியவர்கள் பயன்படுத்தும் பற்பசை ஒரு கிராமில் 1 முதல் 1.5 மில்லிகிராம் வரை புளோரைடு இருக்கும். பிரஷ் நிறையப் பிதுக்கினால் ஏறக்குறைய ஒரு கிராம் வரும். அதைக் குழந்தை விழுங்கிவிட்டால், இரண்டு மூன்று லிட்டர் குழாய் நீரைக் குடித்ததற்குச் சமம். நிரந்தரப் பற்கள் ஈறுக்குள் உருவாகும் எட்டு வயது வரை இப்படி அடிக்கடி நடந்தால், முளைக்கும் பற்களில் வெள்ளைத் திட்டுகள் தோன்றக்கூடும்.

மூன்று வயதுக்குக் கீழ்ப்பட்ட குழந்தைக்கு ஓர் அரிசி அளவு பற்பசை போதும். மூன்று முதல் ஆறு வயது வரை ஒரு பட்டாணி அளவு. பெரியவர் ஒருவர் பக்கத்தில் நின்று, நுரையைத் துப்பச் சொல்லிப் பழக்க வேண்டும். பற்பசை டியூபைக் குழந்தையின் கைக்கு எட்டாத இடத்தில் வைப்பது நல்லது.

நீரைக் கொதிக்க வைத்தால் கிருமி சாகும், புளோரைடு போகாது. பிள்ளையின் பல்லில் வெள்ளை அல்லது பழுப்புத் திட்டு தெரிந்தால் அது சொத்தையின் தொடக்கமாகவும் இருக்கலாம். பயந்து பற்பசையை நிறுத்திவிடாமல், அருகிலுள்ள அரசாங்கப் பல் கிளினிக்கில் ஒருமுறை காட்டிவிடுவதே சரி.