அடியை அளந்தவர்கள்

துப்பாக்கியிலிருந்து கிளம்பிய குண்டு கண்ணில் படாது. நொடிக்கு அரை கிலோமீட்டர் ஓடும் பொருளின் வேகத்தை இன்று மின்னணுக் கருவியும் ஒளிக்கதிரும் வைத்து அளக்கிறோம். நல்ல கடிகாரமே செல்வந்தர் வீட்டுப் பொருளாக இருந்த காலத்தில், ஒரு முக்காலி, ஒரு மரக்கட்டை, கொஞ்சம் நாடா ஆகியவற்றை வைத்துக்கொண்டு அதை அளந்துவிட்டார் ஓர் ஆங்கிலேயர். பெயர் பெஞ்சமின் ராபின்ஸ். பீரங்கிக் கலையைப் பற்றி அவர் எழுதிய நூல் 1742-இல் வெளிவந்தது.

வேகத்தை நேரடியாக அளக்க முடியாது என்பதால் அவர் உந்தத்தைப் பிடித்தார். இரும்புத் தகடும் மரக்கட்டையும் சேர்ந்த, சுமார் 25 கிலோ எடையுள்ள ஊசல் ஒன்றை முக்காலியில் தொங்கவிட்டார். குண்டு மரத்துக்குள் பாய்ந்து அங்கேயே புதைந்துவிடும். 38 கிராம் ஈயக் குண்டு கொண்டுவந்த உந்தம் முழுவதும் இப்போது கட்டைக்குச் சொந்தம். கட்டையோ குண்டைவிட 650 மடங்குக்கும் மேல் கனம். ஆகவே நொடிக்கு 1,700 அடி வேகத்தில் வந்த குண்டு, கட்டையை நொடிக்கு இரண்டரை அடி வேகத்தில்தான் தள்ளும். அது கண்ணுக்கு நன்றாகவே தெரியும் அசைவு. கட்டையின் அடியில் கோத்த நாடா, கட்டை பின்னால் போகப் போக இழுபட்டு வரும். எவ்வளவு நாடா இழுபட்டது என்று பார்த்தால் ஆட்டம் தெரியும். ஆட்டம் தெரிந்தால் கட்டையின் வேகம் தெரியும். மிச்சம் பெருக்கல் கணக்கு.

இந்த எளிய கருவி ஒரு பெரிய நம்பிக்கையைச் சாய்த்தது. கனமான, வேகமான குண்டைக் காற்று பெரிதாக ஒன்றும் செய்துவிடாது என்று அக்காலக் கணித அறிஞர்கள் பலர் எண்ணியிருந்தனர். காற்றைக் கணக்கில் சேர்க்காத கலிலியோவின் பரவளையப் பாதையின்படி, ராபின்ஸ் அளந்த குண்டை 45 பாகைச் சாய்வில் சுட்டால் அது 17 மைல் போக வேண்டும். உண்மையில் அது அரை மைலைத் தாண்டுவதில்லை. ஊசலைத் துப்பாக்கிக்கு அருகிலும் தள்ளியும் வைத்துச் சுட்டு, இடையில் குண்டு எவ்வளவு வேகத்தை இழக்கிறது என்று பார்த்தார் ராபின்ஸ். அந்த வேகத்தில் காற்று குண்டைத் தடுக்கும் விசை, குண்டின் எடையைப் போல் 120 மடங்கு என்று கணக்கு வந்தது. மாபெரும் கணித மேதை ஆய்லர் இந்த நூலை 1745-இல் நீண்ட விளக்கவுரையோடு ஜெர்மன் மொழியில் கொண்டுவந்தார்.

ராபின்ஸின் கடைசி நாட்கள் நம் ஊரில் கழிந்தன. கிழக்கிந்தியக் கம்பெனி தன் கோட்டைகளைச் சீரமைக்க அவரைத் தலைமைப் பொறியாளராக அனுப்பியது. 1751 ஜூலையில், கடலூரை ஒட்டிய செயின்ட் டேவிட் கோட்டையில் காய்ச்சலில் இறந்தார். அந்தக் கோட்டையின் கதையும் குண்டோடு பின்னியதுதான். 1690-இல் கம்பெனி அதை மராட்டியரிடமிருந்து வாங்கியபோது, கோட்டையிலிருந்து பீரங்கியால் சுட்டு, குண்டு போய் விழும் தூரம்வரை உள்ள ஊர்களெல்லாம் கம்பெனிக்கு என்று எல்லை வகுத்தார்கள். குண்டு கிராமங்கள் என்றே அவற்றுக்குப் பெயர் வந்தது. காற்று மறிக்காமல் விட்டிருந்தால் கம்பெனியின் எல்லை எங்கோ போயிருக்கும். அந்த மறிப்பை அளந்து காட்டியவர் கண்மூடியது அதே கோட்டையில்.

அடிக்கும் பொருளை ராபின்ஸ் அளந்துவிட்டார். அடிபடும் பொருளுக்குள் என்ன நடக்கிறது என்று பார்க்க இன்னும் நூற்று முப்பது ஆண்டுகள் ஆயின. 1872-இல் ஆங்கிலப் பொறியாளர் ஜான் ஹாப்கின்சன் ஓர் இரும்புக் கம்பியை மேலே இறுகப் பிணைத்துத் தொங்கவிட்டு, கீழ்முனையில் ஒரு தடுப்பைப் பொருத்தி, கம்பி வழியே எடையை நழுவவிட்டு அதன்மேல் மோதச் செய்தார். அடி விழுவது கீழே; கம்பி அறுந்ததோ பல தடவை மேலே, பிணைத்த இடத்தில். எடை எவ்வளவு என்பதைவிட எவ்வளவு உயரத்திலிருந்து, அதாவது எவ்வளவு வேகத்தோடு விழுந்தது என்பதே கம்பி அறுமா இல்லையா என்பதைத் தீர்மானித்தது.

காரணம் இதுதான். அடிபட்ட செய்தி பொருளின் மறுமுனைக்கு உடனே போய்ச் சேர்வதில்லை. எஃகில் அது நொடிக்கு ஏறத்தாழ 5,000 மீட்டர் வேகத்தில் ஓர் அலையாகப் பயணம் செய்யும். இறுகப் பிணைத்த முனையில் மோதித் திரும்பும்போது, வரும் அலையும் திரும்பும் அலையும் ஒன்றின்மேல் ஒன்று ஏறி, அங்கே இழுவிசை இரட்டிப்பாகிறது. மெதுவாக இழுக்கும் பரிசோதனையில் இப்படி எதுவும் தெரியாது. அலைக்கு ஆயிரம் தடவை போய்வர நேரம் இருப்பதால் எல்லா இடத்திலும் விசை சமமாகிவிடும்.

ஜானின் மகன் பெர்ட்ரம் ஹாப்கின்சன் இந்த அலையையே அளவுகோலாக்கினார். 1914-இல் அவர் வெளியிட்ட முறையைப் படிக்கும்போது பொறாமையாகவே இருக்கும், அவ்வளவு சிக்கனம். நீண்ட எஃகுத் தண்டு ஒன்றைக் கிடையாகத் தொங்கவிடு. அதன் கடைசி முனையில் அதே தடிமனுள்ள சிறு துண்டு ஒன்றைக் காந்தத்தால் லேசாக ஒட்டவை. முதல் முனையில் குண்டு மோதட்டும். அழுத்த அலை தண்டு வழியே வந்து துண்டுக்குள் நுழைந்து, திறந்த முனையில் திரும்பும்போது இழுப்பலையாக மாறும். ஒட்டிய இணைப்பு அழுத்தத்தைத் தாங்கும், இழுப்பைத் தாங்காது. ஆகவே துண்டு, தனக்குள் அந்நேரம் சிக்கிய உந்தத்தைச் சுமந்துகொண்டு பிய்த்துக்கொண்டு பறக்கும். 10 செ.மீ. துண்டு என்றால் அலை அதற்குள் போய்த் திரும்ப நொடியில் லட்சத்தில் நான்கு பங்கு நேரம். துண்டின் நீளத்தை மாற்றி மாற்றிச் செய்தால், அடி எவ்வளவு நேரம் நீடித்தது, எவ்வளவு உச்சம் தொட்டது என்பது தெரிந்துவிடும். பறந்த துண்டைப் பிடிக்க அவர் வைத்தது என்ன தெரியுமா? ஓர் ஊசல். ராபின்ஸ் போட்ட வழிதான்.

1949-இல் ஹெர்பர்ட் கோல்ஸ்கி தண்டை இரண்டாக்கி, நடுவில் சோதிக்க வேண்டிய பொருளை மெல்லிய வில்லையாக வைத்தார். இன்று உலகெங்கும் தாக்கு விசை ஆய்வகங்களில் இருப்பது இந்த வடிவம். முதல் தண்டில் வந்த அலை, திரும்பிய அலை, இரண்டாம் தண்டுக்குள் கடந்துபோன அலை ஆகிய மூன்றையும் பதிவு செய்தால், வில்லை எவ்வளவு வேகமாக நசுங்கியது, எவ்வளவு எதிர்த்து நின்றது என்று கணக்கிட்டுவிடலாம். சாதாரண மென்னெஃகை மெதுவாக இழுக்கும்போது அது எந்த விசையில் வளைந்துகொடுக்கிறதோ, அதைப் போல் இரு மடங்கு விசையைக்கூட நொடிப்பொழுதுத் தாக்குதலில் அது எதிர்க்கிறது. பொருளின் வலிமை என்று பாடநூல் அட்டவணையில் அச்சிட்டிருக்கும் எண், எவ்வளவு வேகத்தில் கேட்டதற்கு வந்த பதில் என்று சொல்லாவிட்டால் அரைகுறைத் தகவல்தான். கிணற்றில் குதிக்கும்போது தவறி வயிறு அடிபட விழுந்தவருக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

வேகத்தைக் குறைத்து எடைபோட்டதற்கு மிகக் கொடிய விலை 2003-இல் கொடுக்கப்பட்டது. ஜனவரி 16 அன்று கொலம்பியா விண்ணோடம் கிளம்பிச் சுமார் 82 நொடியில், வெளி எரிபொருள் தொட்டியிலிருந்து பாலியூரித்தேன் நுரைத் துண்டு ஒன்று கழன்று இடது இறக்கையின் முன்விளிம்பில் மோதியது. நுரை, கையால் அழுத்தினாலே பள்ளம் விழும் பொருள். அதனால் என்ன ஆகிவிடும் என்றுதான் பலர் நினைத்தார்கள். பிப்ரவரி 1 அன்று ஓடம் திரும்பும்போது சிதறி, கல்பனா சாவ்லா உட்பட ஏழு பேரும் இறந்தார்கள்.

ஓடமும் நுரையும் ஒரே வேகத்தில்தானே போய்க்கொண்டிருந்தன, மோதல் எங்கிருந்து வந்தது? இங்கேதான் ராபின்ஸின் காற்று வருகிறது. ஓடத்தின் வேகம் அப்போது மணிக்குச் சுமார் 2,500 கிலோமீட்டர். எடை குறைந்த நுரையைக் காற்று கணத்தில் மறித்துவிட்டது. கழன்று விழுந்து இறக்கையைத் தொடுவதற்கு ஆன நேரம் நொடியில் ஆறில் ஒரு பங்குகூட இல்லை. அதற்குள் நுரையின் வேகம் மணிக்குச் சுமார் 1,650 கிலோமீட்டராக விழுந்துவிட்டது. பின்னால் வந்த இறக்கை மணிக்கு ஏறத்தாழ 880 கிலோமீட்டர் வேகத்தில் அதன்மேல் மோதியது. நுரை இலேசாக இருந்ததே வினையாயிற்று.

இதையெல்லாம் கணினியில் போட்டுக் காட்டியும் நம்பாதவர்கள் இருந்தார்கள். டெக்சாஸின் சான் அன்டோனியோவிலுள்ள தென்மேற்கு ஆராய்ச்சி நிறுவனத்தில், சுமார் 10 மீட்டர் நீளக் குழாயும் அழுத்திய நைட்ரஜன் வாயுவும் கொண்ட துப்பாக்கியில் 760 கிராம் நுரையை வைத்து, அட்லாண்டிஸ் விண்ணோடத்திலிருந்து கழற்றிவந்த உண்மையான கார்பன் முன்விளிம்புத் தகட்டின்மேல் சுட்டார்கள். நாள் 2003 ஜூலை 7. தகட்டில் 40 செ.மீ. அகலத்துக்கு ஓட்டை விழுந்தது. விவாதம் அத்தோடு முடிந்தது. அந்த நுரை சுமந்த ஆற்றலைக் கணக்கிட்டால், ஒரு டன் கார் மணிக்குச் சுமார் 23 கிலோமீட்டரில் மோதுவதற்குச் சமம்.

ஆனால் எல்லாச் சோதனையும் இப்படி ஒரே சூட்டில் தீர்ப்புச் சொல்லாது. ஒரே தறியில் நெய்த, குண்டு தடுக்கும் துணி, ஒரே வகைக் குண்டு, ஒரே வேகம். ஒன்று துளைக்கும், அடுத்தது நிற்கும். இழையின் நுண்குறை, குண்டின் சிறு சாய்வு என்று எத்தனையோ காரணம். அதனால் ஆய்வகங்கள் துளைக்கும் வேகம் என்று ஒரு கோடு கிழிப்பதில்லை. சுட்டவற்றில் பாதி துளைத்துப் பாதி நிற்கும் வேகத்தைத் தேடுகின்றன. வி-50 என்பார்கள். பாதியை ஏன் தேட வேண்டும்? அந்த இடத்தில்தான் வாய்ப்பு வளைகோடு செங்குத்தாக ஏறுகிறது. சில சூடுகளிலேயே இடத்தைக் கண்டுகொள்ளலாம். லட்சத்தில் ஒன்று துளைக்கும் வேகத்தைக் காண வேண்டுமென்றால் லட்சக்கணக்கில் சுட வேண்டும். சட்டையை அணிபவருக்குப் பாதி உறுதி எதற்கு ஆகும் என்று கேட்டால், நியாயம்தான். அதற்காகத்தான் தரநிலைகள் குறித்த வேகத்தில் ஒரு குண்டுகூடத் துளைக்கக் கூடாது என்று தனியாக விதிக்கின்றன. நம் நாட்டில் 2018-இல் வந்த இந்தியத் தரநிலை 17051 குண்டு தடுக்கும் சட்டைகளுக்கானது.

இதே பாதிக் கணக்கு வெடிமருந்துக்கும் உண்டு. இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் புரூஸ்டன் என்ற இடத்து ஆய்வகத்தில் ஒரு முறையைக் கையாண்டார்கள். துளி மருந்தின்மேல் எடையை விழவிடு. வெடித்தால் அடுத்த தடவை ஒரு படி கீழே. வெடிக்காவிட்டால் ஒரு படி மேலே. ஏறி இறங்கி ஏறி இறங்கி, எண்கள் தாமாகவே பாதிப் புள்ளியைச் சுற்றி வந்து குவியும். 1948-இல் டிக்சன், மூட் என்ற இருவர் இதற்குப் புள்ளியியல் இலக்கணம் எழுதினார்கள். மயக்க மருந்தின் அளவைத் தேடும் மருத்துவ ஆய்வாளர்கள்கூட இன்று இதே ஏணியைத்தான் ஏறி இறங்குகிறார்கள்.

வெடித்ததா இல்லையா என்பதை யார் சொல்வது? பெரும்பாலும் சத்தம், புகை, வாசனை. ஈரப்பதம் மாறினால், பொடியின் பருமன் மாறினால், ஏன், எந்திரம் நிற்கும் தரை மாறினால்கூட எண் மாறும். ஒரே மருந்துக்கு இரண்டு ஆய்வகம் இரண்டு உயரம் சொல்வது இத்துறையில் வாடிக்கை.

இவ்வளவு சிறிய அடி ஏன் வெடிக்க வைக்கிறது என்பதே ஒரு புதிர். விழும் எடையின் ஆற்றலை மருந்து முழுவதற்கும் சமமாகப் பங்கிட்டால் அது தீப்பற்றும் சூட்டை எட்டாது. கேம்பிரிட்ஜில் பவுடன், யோஃபே ஆகியோர் விடை கண்டார்கள்: ஆற்றல் சமமாகப் பரவுவதில்லை. அகப்பட்ட ஒரு காற்றுக் குமிழ், உரசும் ஒரு கடினத் துகள் என்று மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு அளவுள்ள இடங்களில் குவிந்து, அங்கே மட்டும் சில நூறு டிகிரி ஏறுகிறது. சூட்டுப் புள்ளிகள் என்றார்கள். அதை நிரூபித்த விதம் அழகு. வெவ்வேறு உருகுநிலை கொண்ட துகள்களைக் கலந்து பார்த்தார்கள். உரசும் துகள் தன் உருகுநிலையைத் தாண்டிச் சூடேற முடியாது. குறைந்த சூட்டில் உருகும் துகள் எதுவும் செய்யவில்லை. சுமார் 400, 500 டிகிரிக்கு மேல் உருகும் துகள் இருந்தால் மருந்து எளிதில் வெடித்தது. மணலோ 1,600 டிகிரிக்கு மேல்தான் உருகும்.

தரையில் சிந்திய மருந்தில் மணல் கலந்தால் என்ன ஆகும் என்பது இதிலிருந்தே விளங்கும். விருதுநகர் மாவட்டத்துப் பட்டாசு ஆலை விபத்துச் செய்திகளில் "உராய்வு காரணமாக" என்ற இரண்டு சொற்களோடு விளக்கம் முடிந்துவிடுகிறது. உராய்வுக்கும் அடிக்கும் அளவு உண்டு. ஐ.நா. சோதனைக் கையேட்டின்படி, 2 ஜூல் அடிக்கே, அதாவது ஒரு கிலோ எடை 20 செ.மீ. உயரத்திலிருந்து விழுந்தாலே வெடிக்கும் பொருளை அந்த நிலையில் வண்டியில் ஏற்றவே கூடாது. பீங்கான் முனையால் பீங்கான் தட்டில் தேய்க்கும் சோதனையில் 80 நியூட்டன், ஏறக்குறைய எட்டுக் கிலோ பாரத்துக்குக் குறைவாகவே பற்றிக்கொள்ளும் பொருளுக்கும் அதே தடை. ஆலை அறையில் கையால் கலக்கும் தொழிலாளிக்கு, தன் முன்னால் உள்ள கலவை எத்தனை ஜூல், எத்தனை நியூட்டன் என்று தெரிந்திருக்க வேண்டாமா? அடுத்த விபத்து அறிக்கையாவது அந்த இரண்டு எண்களை அச்சிடட்டும். அச்சிடாத அறிக்கையை நாம் ஏற்றுக்கொள்ள வேண்டாம்.