கடலுக்கு அடியில் ஒரு கோடு!

‘ஸ்பாஞ்ச்’ என்றதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வருகிறது? பாத்திரம் தேய்க்க அம்மா வைத்திருக்கும் மஞ்சள் பஞ்சுதானே? அது தொழிற்சாலையில் செய்தது. ஆனால், நூறு ஆண்டுகளுக்கு முன் ஸ்பாஞ்ச் என்றால் கடலில் இருந்து எடுத்த நிஜப் பஞ்சுதான். ஐரோப்பாவில் குளிக்க, குதிரை வண்டி கழுவ, ஆஸ்பத்திரியில் ரத்தம் துடைக்க என்று எல்லாவற்றுக்கும் அதுதான். பள்ளிப் பிள்ளைகள் சிலேட்டு துடைப்பதும் அதில்தான். (நம் ஊரில் கோவை இலையால் துடைத்தோம். தாத்தா, பாட்டியைக் கேட்டுப் பாருங்கள்!)

இந்தப் பஞ்சுக்காகப் பெரிய பெரிய நாடுகள் எல்லாம் கடிதம் எழுதிச் சண்டை போட்டிருக்கின்றன. கடலில் கோடு கிழித்திருக்கின்றன. ரோந்துக் கப்பலை அனுப்பியிருக்கின்றன. அந்தக் கதையைத்தான் இந்த வாரம் பார்க்கப் போகிறோம்.

முதலில் ஒரு விஷயம். கடற்பஞ்சு செடி அல்ல, விலங்கு! அதற்குக் கண் இல்லை, வாய் இல்லை, மூளையும் இல்லை. பாறையில் ஒட்டிக்கொண்டு, உடம்பில் உள்ள ஆயிரக்கணக்கான துளைகள் வழியாகக் கடல்நீரை உறிஞ்சி, அதில் உள்ள நுண்ணுயிர்களைத் தின்று வாழ்கிறது. உயிரோடு இருக்கும்போது பார்த்தால், கறுப்புத் தோல் போர்த்திய வழுவழுப்பான உருண்டை. படகில் ஏற்றி, காலால் மிதித்து, அலசி அலசிச் சதையை நீக்கினால் மிஞ்சுவது மெத்தென்ற எலும்புக்கூடு. நாம் ஸ்பாஞ்ச் என்று சொன்னது அந்தக் கூட்டைத்தான்.

நல்ல பஞ்சு அதிகம் கிடைத்த இடம் மத்தியதரைக் கடல். அதிலும் ஆப்பிரிக்காவின் வடகரையில் உள்ள துனிசியா, லிபியா நாடுகளின் கடல் ரொம்பப் பிரபலம். அங்கே போய் மூழ்கி எடுப்பதில் கெட்டிக்காரர்கள், கலிம்னோஸ், சிமி போன்ற சின்னஞ்சிறு தீவுகளில் வாழ்ந்த கிரேக்கர்கள். இந்தத் தீவுகள் அப்போது துருக்கி சுல்தானின் ஆட்சியில் இருந்தன. பாறை நிறைந்த மண். விவசாயம் பெரிதாகக் கிடையாது. எனவே ஈஸ்டர் பண்டிகை முடிந்ததும் ஆண்கள் படகேறிவிடுவார்கள். இலையுதிர் காலத்தில்தான் திரும்பி வருவார்கள். போகும்போதே முன்பணம் வாங்கி வீட்டில் கொடுத்துவிட்டுப் போவார்கள். திரும்பி வராவிட்டால் குடும்பத்துக்கு அந்தப் பணம்தான் மிச்சம்.

கல்லும் செம்புத் தலையும்

ஆரம்பத்தில் கிரேக்கர்கள் மூழ்கிய விதம் நம் முத்துக்குளிப்பவர்கள் மூழ்கியது போலத்தான். தட்டையான ஒரு கனத்த கல்லைக் கையில் பிடித்துக்கொண்டு, மூச்சை அடக்கிக் கடலுக்குள் பாய்வார்கள். கல் சரசரவென்று கீழே இழுத்துப் போகும். பஞ்சை அறுத்து வலையில் போட்டதும், மேலே இருப்பவர்கள் கயிற்றை இழுப்பார்கள். எல்லாம் சில நிமிடங்களில் முடிந்துவிடும்.

1860-களில் இந்தத் தீவுகளுக்கு ஒரு புது இயந்திரம் வந்தது. செம்பால் செய்த உருண்டைத் தலைக்கவசம், ரப்பர் பூசிய உடை, ஈயம் வைத்த காலணி. படகில் இருப்பவர்கள் பம்பைச் சுற்றிக் குழாய் வழியாகக் காற்று அனுப்புவார்கள். இதைப் போட்டுக்கொண்டால் ஆழத்தில் சாவகாசமாக நடந்து நடந்து பஞ்சு பறிக்கலாம்! வியாபாரிகளுக்குக் கொண்டாட்டம். பெட்டி பெட்டியாகப் பஞ்சு வந்தது.

ஆனால், மேலே வந்த சிலர் படகில் உட்கார்ந்திருக்கும்போதே சுருண்டு விழுந்தார்கள். சிலருக்கு இடுப்புக்குக் கீழே உணர்ச்சியே போய்விட்டது. சிலர் இறந்துபோனார்கள். ஏன்?

கோலி சோடாவை உடைத்தால் என்ன ஆகும்? ‘புஸ்’ என்று குமிழிகள் கிளம்பும் இல்லையா? அதுவரை அழுத்தத்தில் அடங்கிக் கிடந்த வாயு வெளியே வருகிறது. ஆழ்கடலில் அழுத்தம் அதிகம். அங்கே சுவாசிக்கும் காற்றில் உள்ள நைட்ரஜன் ரத்தத்தில் கரைந்துவிடும். வேகமாக மேலே வந்தால் உடம்புக்குள்ளேயே சோடா குமிழி கிளம்பும்! பால் பெர்ட் என்ற பிரெஞ்சு விஞ்ஞானி 1878-ல் இதை விளக்கினார். எவ்வளவு ஆழத்துக்கு எவ்வளவு நேரம் நின்று நின்று மேலே வர வேண்டும் என்று பிரிட்டனின் ஹால்டேன் அட்டவணை போட்டது 1908-ல். அதற்குள் எத்தனையோ பேர் போய்விட்டார்கள். அட்டவணை வந்த பிறகும் பல படகுகளில் அதைப் பார்க்கவில்லை. நின்று நின்று வந்தால் நேரம் போய்விடுமே!

கலிம்னோஸில் ‘மிகானிகோஸ்’ என்று ஒரு நடனம் உண்டு. முன்னால் ஆடுபவர் கைத்தடி ஊன்றி, கால் நடுங்க நடுங்க ஆடுவார். முடமான மூழ்காளியைப் போல. வேடிக்கை நடனம் என்று நினைத்துவிடாதீர்கள்.

இந்த மூழ்காளிகள் வேறொரு காரணத்துக்காகவும் புகழ் பெற்றவர்கள். 1900-ல் சிமி தீவுப் படகு ஒன்று புயலுக்குப் பயந்து ஆண்டிகிதெரா தீவருகே ஒதுங்கியது. சும்மா இருப்பானேன் என்று ஒருவர் கீழே இறங்கிப் பார்த்தால், 2,000 ஆண்டுப் பழமையான கப்பல்! வெண்கலச் சிலைகள், பளிங்குச் சிலைகள், பல்சக்கரம் வைத்த வானியல் கருவி ஒன்றும் அதில் கிடைத்தன. அந்தப் பொருட்களை மேலே எடுத்த வேலையில் ஒரு மூழ்காளி இறந்தார், இருவர் முடமானார்கள்.

கடல் யாருக்குச் சொந்தம்?

இப்போது நம் சண்டைக்கு வருவோம்.

துனிசியாவை ஆண்டவருக்கு ‘பே’ என்று பட்டம். தன் கரையோரக் கடலில் பஞ்சு எடுப்பதற்கு அவர் ஆட்சியில் வரி உண்டு, குத்தகை உண்டு. 1881-ல் பிரான்ஸ் உள்ளே வந்தது. பே பெயருக்கு அரசர், அதிகாரம் பிரான்ஸுக்கு. பஞ்சு வரியும் அந்த அதிகாரத்தின் கீழ் வந்தது. கிரேக்கப் படகோ இத்தாலியப் படகோ, காசு கட்டி உரிமச் சீட்டு வாங்கிய பிறகுதான் கடலில் இறங்கலாம் என்றார்கள்.

இதில்தான் சிக்கல். அந்தக் காலத்தில் ஒரு நாட்டுக்குச் சொந்தமான கடல் என்பது கரையிலிருந்து மூன்று மைல் என்று பல வல்லரசுகள் வைத்திருந்த கணக்கு. அதைத் தாண்டினால் எல்லோருக்கும் பொது. ஆனால், துனிசியாவின் காபெஸ் வளைகுடா ரொம்பத் தூரத்துக்கு ஆழம் குறைந்த கடல். பஞ்சுப் படுகைகள் மூன்று மைலைத் தாண்டிப் போய்க்கொண்டே இருக்கின்றன. பொதுக் கடலில் இருக்கும் பஞ்சுக்குப் பிரான்ஸ் எப்படிக் காசு கேட்கலாம்?

“காலம் காலமாக இந்தப் படுகைகளை பே-க்கள் அனுபவித்து வந்திருக்கிறார்கள். ஆகவே சொந்தம்!” என்பதுதான் பதில்.

கடல் வல்லரசான பிரிட்டன் இதை எதிர்த்து மல்லுக்கு நின்றிருக்கலாம். ஆனால், பிரிட்டன் கையில் இலங்கையின் மன்னார் முத்துப் பார்கள் இருந்தன. அவையும் மூன்று மைலுக்கு அப்பால்தான்! பஞ்சு பொது என்று சொன்னால் முத்தும் பொது ஆகிவிடுமே? ஹர்ஸ்ட் என்ற பிரிட்டிஷ் சட்ட நிபுணர், கடலின் தரை யாருக்குச் சொந்தம் என்று 1923-ல் ஒரு கட்டுரை எழுதினார். அதில் இலங்கை முத்தும் துனிசியா பஞ்சும் ஒன்றாகவே உதாரணமாக வருகின்றன.

நம் ராமநாதபுரம் கடலிலும் இதே கேள்வி எழுந்தது தெரியுமா? பாக் நீரிணையில் சங்குப் படுகைகள் ராமநாதபுரம் ராஜா வசம் இருந்தன. அதைக் குத்தகைக்கு விட்டிருந்தார். அனுமதி இல்லாமல் சங்கு எடுத்தவர்கள் மீது வழக்கு. கடலில் கிடக்கும் சங்கை எடுப்பது திருட்டா? இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சென்னை உயர்நீதிமன்றம் ‘திருட்டுதான்’ என்றது.

சரி, மறுபடி துனிசியா. எதுவரை நம் பஞ்சு என்று சொல்ல ஒரு கோடு வேண்டுமே? 1904 டிசம்பர் 31 அன்று பிரெஞ்சு நிர்வாகம் ஓர் உத்தரவு போட்டது. அதன்படி கடலில் 50 மீட்டர் ஆழம் வரை உள்ள பகுதி துனிசியாவின் பஞ்சுப் பகுதி. கிழக்கில் எல்லை, ராஸ் அஜ்தீர் என்ற முனையில் இருந்து வடகிழக்காகச் சாய்வாகப் போகும் கோடு. அதற்கு அந்தப் பக்கம் இன்றைய லிபியா. அன்று துருக்கியின் திரிப்போலி மாகாணம்.

1911-ல் இத்தாலி படையெடுத்து வந்து திரிப்போலியைப் பிடித்தது. அடுத்த ஆண்டே கலிம்னோஸ், சிமி தீவுகளையும் பிடித்துக்கொண்டது! மூழ்காளியின் வீடும் இத்தாலி கையில், அவன் மூழ்கும் கடலில் ஒரு பாதியும் இத்தாலி கையில். இத்தாலிக்குப் பிரான்ஸ் போட்ட சாய்ந்த கோடு பிடிக்கவில்லை. ‘கரைக்குச் செங்குத்தாகக் கோடு போடுவதுதான் நியாயம்’ என்றது. அப்படிப் போட்டால் கோடு துனிசியா பக்கம் நகரும். இத்தாலிக்குக் கடல் கூடும். ரோந்துக் கப்பல்கள் சுற்றின, தூதரகங்களுக்கு இடையே கடிதங்கள் பறந்தன. 1919-ல் தன் ரோந்துக் கப்பல்களுக்கு இத்தாலி அந்தக் கோட்டையே எல்லையாகக் கொடுத்தது. பிரான்ஸ் அதற்குப் பலமாக எதிர்ப்புச் சொல்லவும் இல்லை, கையெழுத்துப் போட்டு ஒப்புக்கொள்ளவும் இல்லை. எதிர்ப்பில்லாமல் அது பழகிப்போனது.

எனக்கு இதில் ஆச்சரியம், இவ்வளவு அக்கறையாகக் கோணம் பார்த்தவர்கள் அதே அக்கறையை மூழ்காளியின் உயிர் மேல் காட்டவில்லை என்பதுதான். துருக்கி அரசு 1880-களில் செம்புத் தலைக்கவசத்துக்குத் தடை போட்டுப் பார்த்தது. தடை நிலைக்கவில்லை.

பஞ்சு போய் எண்ணெய் வந்தது!

1951-ல் லிபியாவும், 1956-ல் துனிசியாவும் சுதந்திரம் பெற்றன. அதற்குள் தொழிற்சாலைப் பஞ்சு வந்துவிட்டது. கடற்பஞ்சின் மவுசு குறைந்தது. ஆனால், அதே கடலுக்கு அடியில் எண்ணெய் இருக்கிறது என்று தெரிந்ததும், எல்லை எங்கே என்ற கேள்வி மறுபடி கிளம்பியது. இரு நாடுகளும் நெதர்லாந்தின் தி ஹேக் நகரில் உள்ள சர்வதேச நீதிமன்றத்துக்குப் போயின. துனிசியா தன் பழைய பஞ்சுப் படுகைகளையும் 1904-ம் ஆண்டு கோட்டையும் சாட்சிக்குக் கூப்பிட்டது!

உங்கள் ஜியோமெட்ரி பாக்ஸை எடுங்கள். தாளில் ஒரு புள்ளி வையுங்கள். அதுதான் ராஸ் அஜ்தீர். அதிலிருந்து நேர் மேலே, அதாவது வடக்கே, ஒரு கோடு போடுங்கள். லிபியா ஹேக்கில் கேட்ட எல்லை இதுதான். பாகைமானியை வைத்து, அதிலிருந்து வலது பக்கமாக 45 டிகிரியில் இன்னொரு கோடு. இது பிரான்ஸ் நிர்வாகம் போட்ட பஞ்சுக் கோடு. இப்போது இரண்டுக்கும் நடுவே 26 டிகிரியில் ஒரு கோடு போடுங்கள்.

1960-களில் இரு நாடுகளும் எண்ணெய்க் கம்பெனிகளுக்குக் குத்தகை கொடுத்தபோது, ஏறக்குறைய இந்த 26 டிகிரியில்தான் நின்றுகொண்டன. இத்தாலி பஞ்சுப் படகுகளை நிறுத்திய செங்குத்துக் கோடும் கிட்டத்தட்ட இதுவேதான்! நீதிபதிகள் இதையெல்லாம் கவனித்தார்கள். 45 டிகிரிக் கோடு ஒரு தரப்பு மட்டும் போட்டது, லிபியாவைக் கட்டுப்படுத்தாது என்றார்கள். 1982 பிப்ரவரி 24 அன்று தீர்ப்பு வந்தது. கரையை ஒட்டிய பகுதியில் எல்லை 26 டிகிரிக் கோடு. இன்னும் கொஞ்சம் வடக்கே போனதும் அது கிழக்குப் பக்கம் கூடுதலாகச் சாயும்.

நீங்கள் தாளில் போட்டது அந்தக் கோட்டைத்தான்.