உங்களுக்குத் தெரியுமா? பழைய டெக், பழைய டிஸ்க், குறைந்த விலை!

● உலகின் கடைசி வி.சி.ஆர்.கள் 2016 ஜூலையோடு நின்றுபோயின. அதுவரை தயாரித்துக்கொண்டிருந்த ஜப்பானின் ஃபுனாய் நிறுவனம், உதிரிபாகங்கள் கிடைக்காமல் அந்தத் தயாரிப்பை மூட்டை கட்டியது. எனவே இன்று நீங்கள் வாங்கும் டெக், சீல் பிரிக்காத பெட்டியில் வந்தாலும் வயசானதுதான். ‘புதுசு மாதிரி இருக்கு சார்’ என்பதற்காகக் கூடுதலாகக் காசு கொடுக்காதீர்கள்.

● ‘ஓடாது’ என்று காயலான் கடையில் தள்ளப்பட்ட டெக்குகளில் பலவற்றுக்கு நோய் ஒன்றே: ரப்பர் பெல்ட். ஆண்டுக்கணக்கில் சும்மா கிடந்தால் அது தொய்ந்துவிடும், அல்லது தார் போல உருகி ஒட்டிக்கொள்ளும். கரண்ட் கொடுத்துப் பாருங்கள். விளக்கு எரிகிறது, கேசட்டை உள்ளே இழுக்கிறது, கொஞ்சம் முனகிவிட்டுத் திரும்பத் துப்புகிறது என்றால் முதலில் சந்தேகிக்க வேண்டியது பெல்ட்டைத்தான். அது மலிவு. விளக்கே எரியாத டெக்கில் பவர் சப்ளை போயிருக்கலாம். ரிப்பேர் தெரிந்தவர் பக்கத்தில் இல்லையென்றால் தொடாதீர்கள். இந்த ஒரு வித்தியாசம் தெரிந்தவர், ‘ஓடாது’ விலையில் ஓடக்கூடிய டெக்கை வாங்கிவிடுவார்.

● படம் முழுக்கப் புள்ளி மழையா? நாடாவைப் படிக்கும் ஹெட் அழுக்காக இருக்கலாம். நம் ஊர் டி.வி.யின் பால் (PAL) முறையில் ஹெட் பொருத்திய உருளை நிமிடத்துக்கு 1,500 சுற்று சுற்றுகிறது. ஓரத்தில் துருத்தி நிற்கும் ஹெட்டின் முனை மிக மெல்லியது. ஒயரைப் பிடுங்கிவிட்டு, சுத்தமான வெள்ளைக் காகிதத்தை ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்து உருளைமீது லேசாக அணைத்துப் பிடியுங்கள். மறு கையால் உருளையை மெதுவாகச் சுற்றுங்கள். காகிதம் அசையக் கூடாது. மேலும் கீழுமாகத் தேய்த்தால் முனை ஒடிந்துவிடும். காது குடையும் பஞ்சுக்குச்சி வேண்டாம், அதன் இழை ஹெட்டில் மாட்டிக்கொள்ளும்.

● புதிதாக வாங்கிய பழைய டெக்கில் முதலில் கல்யாண கேசட்டைப் போடுபவர்கள் தைரியசாலிகள். போனால் போகட்டும் என்கிற ஒரு கேசட்டைப் போட்டு ஓட்டி, ரீவைண்ட் செய்து, நாடா கசங்காமல் வருகிறதா என்று பார்த்த பிறகே மற்றது. கேசட்டின் சிறு ஜன்னல் வழியே வெள்ளைப் பொடி தெரிந்தால் அது பூஞ்சை. அப்படியே போட்டால் ஹெட்டுக்கும் ஒட்டும், அங்கிருந்து அடுத்த கேசட்டுக்கும் போகும்.

● அமெரிக்காவிலிருந்து மாமா அனுப்பிய கேசட் என்.டி.எஸ்.சி. முறை; நம் ஊர் டெக் பால் முறை. வளைகுடாவிலிருந்து வந்த பல டெக்குகளில் இரண்டையும் ஓட்டும் வசதி உண்டு. ஒரே விலைக்கு இரண்டு டெக் கிடைத்தால் மல்டி சிஸ்டத்தை எடுங்கள்.

● கேம்கார்டரில் போட்ட குட்டி வி.ஹெச்.எஸ்.-சி கேசட்டை ஓட்டத் தனி மிஷின் தேவையில்லை. முழு அளவு கேசட் போலவே இருக்கும் அடாப்டர் கூட்டுக்குள் வைத்துச் சாதாரண டெக்கில் போடலாம். பல அடாப்டர்களுக்கு ஒரு பென் டார்ச் பேட்டரி வேண்டும், அவ்வளவுதான். ஆனால் 8 மி.மீ. கேம்கார்டர் கேசட்டுக்கு இப்படி ஒரு அடாப்டர் கிடையவே கிடையாது. ‘இருக்கு’ என்று சொல்லி யாராவது விற்றால் நகர்ந்துவிடுங்கள்.

● வி.சி.டி. பிளேயர் தேடி அலைய வேண்டாம். வீட்டில் தூசு படிந்திருக்கும் டி.வி.டி. பிளேயரே அநேகமாக அதையும் ஓட்டும். ஒரு தட்டில் 74 நிமிடம்தான் அடங்கும் என்பதால்தான் தமிழ்ப் படங்கள் இரண்டு, மூன்று டிஸ்க்குகளாக வந்தன.

● லேசர் டிஸ்க் 1978 டிசம்பரில் அமெரிக்காவின் அட்லாண்டாவில் விற்பனைக்கு வந்தது. 30 செ.மீ. அகலத் தட்டு, பார்க்க சி.டி.யின் அண்ணன், ஆனால் அதில் படம் டிஜிட்டல் அல்ல, அனலாக். ஒரு பக்கத்துக்கு அதிகபட்சம் ஒரு மணி நேரம் என்பதால் படத்தின் நடுவே எழுந்து திருப்பிப் போட வேண்டும். பயனியர் நிறுவனம் 2009 ஜனவரியில்தான் பிளேயர் தயாரிப்பை நிறுத்துவதாக அறிவித்தது. கரோக்கிக்காகவே இது கொடிகட்டிப் பறந்த ஜப்பானில் பிளேயர்கள் இன்னும் சுற்றி வருகின்றன. ‘ஹார்ட் ஆஃப்’ என்ற செகண்ட் ஹேண்ட் சங்கிலிக் கடைகளில் ‘ஜங்க்’ என்று ஒரு பகுதியே உண்டு: உத்தரவாதம் கிடையாது, விலையும் கிடையாது என்கிற அளவுக்கு மலிவு. மலிவு அங்கேயே முடிந்துவிடும். கனமான பெட்டி, கப்பல் கூலி எகிறும். தவிர, ஜப்பானில் மின்சாரம் 100 வோல்ட். நம் 230 வோல்ட்டில் நேராகச் செருகினால் புகைதான். டிரான்ஸ்ஃபார்மர் விலையையும் சேர்த்தே கணக்குப் போடுங்கள். தொடக்ககாலப் பிளேயர்களில் ஹீலியம்-நியான் வாயுக் குழாய் லேசர் இருந்தது. குழாய் தீர்ந்தால் மாற்றுவது பெரும்பாடு. டையோடு லேசர் உள்ள பிற்கால மாடலே உத்தமம். தட்டு வாங்கும்போது ‘லேசர் ராட்’ பற்றிக் கேளுங்கள்: உள்ளிருக்கும் அலுமினியம் அரித்துப்போனால் படத்தில் மினுமினுவென்று புள்ளிகள் பறக்கும். அதற்கு மருந்தில்லை.

● ப்ளூரேயோடு மோதித் தோற்ற ஹெச்.டி. டி.வி.டி.யைத் தோஷிபா 2008 பிப்ரவரி 19 அன்று கைவிட்டது. சாதாரண ப்ளூரே பிளேயர் இந்தத் தட்டைப் படிக்காது. மலிவான குறுக்கு வழி, எக்ஸ்பாக்ஸ் 360-க்காக மைக்ரோசாஃப்ட் விற்ற தனி டிரைவ். 199 டாலருக்கு வந்தது, தோல்விக்குப் பிறகு 49.99 டாலருக்கு இறங்கியது. யு.எஸ்.பி. என்பதால் பொருத்தமான சாஃப்ட்வேர் இருந்தால் கம்ப்யூட்டரிலும் மாட்டலாம். இந்த வகைத் தட்டுக்கு நாடுவாரிப் பூட்டும் இல்லை.

● தாத்தாவின் 8 மி.மீ. ஃபிலிம் ரோலுக்கு புரொஜெக்டர் தேடுகிறீர்களா? 8 மி.மீ.யில் இரண்டு ஜாதி: கோடாக் 1932-ல் கொண்டுவந்த பழையது, 1965-ல் வந்த சூப்பர் 8. பிந்தையதில் பல் துளை சிறியது, படச் சட்டம் பெரியது. ஒன்றுக்கான புரொஜெக்டரில் மற்றதை ஓட்டினால் ஃபிலிம் கிழியும். இரண்டையும் ஓட்டும் ‘டூயல்’ மாடல்கள் நிறைய வந்தன, அதைக் கேட்டு வாங்குங்கள். விலை பேசுவதற்கு முன் பல்பின் நம்பரைப் பாருங்கள். 12 வோல்ட், 100 வாட் ஹாலோஜன் இன்றும் கிடைக்கிறது. அதற்கும் முந்தைய பெரிய குழல் பல்பு என்றால் புரொஜெக்டரைவிட பல்பு விலை கூடிவிடும். ரோல் டப்பாவைத் திறந்ததும் வினிகர் வாடை அடித்தால் ஃபிலிம் அழுக ஆரம்பித்துவிட்டது. புரொஜெக்டரை மறந்துவிட்டு முதலில் ஸ்கேன் செய்யக் கொடுங்கள்.

● கிராமஃபோன் போல ஊசி வைத்துப் படம் காட்டிய தட்டும் உண்டு! ஆர்.சி.ஏ. நிறுவனம் 1981-ல் விட்ட சி.இ.டி.தான் அது. மூன்றே ஆண்டில் பிளேயர் தயாரிப்பு நின்றது. ஊசி தேயும், தட்டும் தேயும், படமோ வி.ஹெச்.எஸ். தரத்தைத் தாண்டாது. மலிவாகக் கிடைத்தால் வாங்கலாமா என்றால், மலிவாகத்தான் கிடைக்கும், விட்டுவிடுங்கள்.